மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?

ரத்த அழுத்தம் ஓசைப்படாமல் ஆளைத் தீர்க்கும் நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இத்தனை சத்தம் போடுகிற நோய் வேறு கிடையாது. எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கண் இருட்டவில்லை. நோய் என் உடம்பில் இருப்பதாகச் சீட்டில் எழுதியிருக்கிறது. அதன் அறிகுறிகளோ என் மனைவியிடமும் பிள்ளையிடமும் பக்கத்து வீட்டாரிடமும்தான் தென்படுகின்றன.

நான் கணக்கெழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். வரவும் செலவும் கூட்டினால் ஒத்துப்போக வேண்டும் என்று நாற்காலியில் தேய்ந்தவனுக்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எண்ணை எழுதிக் கொடுத்தால் கை சும்மா இருக்குமா? “இது ரெண்டும் எப்ப சார் டேலி ஆகும்?” என்று டாக்டரிடம் கேட்டேன். “ஆச்சுன்னா நாடி நின்னுடுச்சுன்னு அர்த்தம்” என்றார் அவர், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது மேல் எண், தளர்ந்து நிரம்பும்போது கீழ் எண். 140க்கு 90ஐத் தொட்டால் நம் ஊரில் நோயாளி. அமெரிக்காவில் 2017ல் அந்தக் கோட்டை 130க்கு 80 என்று இறக்கிவிட்டார்கள். ராத்திரி ஆரோக்கியமாகப் படுத்த சில கோடி அமெரிக்கர்கள் காலையில் நோயாளிகளாக எழுந்தார்கள். என் மகன் அந்த ஊரில்தான் இருக்கிறான். அங்கிருந்தபடியே எனக்கு மெஷின் வாங்கி அனுப்பியவனும் அவன்தான்.

மெஷினோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காபி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், காலைக் காலின்மேல் போடக் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் அமைதியாக உட்கார வேண்டும். பேசினால் பத்துப் புள்ளிகூட ஏறிவிடும். மற்றதெல்லாம் சமாளிக்கலாம். மாடம்பாக்கத்தில் ஐந்து நிமிட அமைதிக்கு நான் எங்கே போவேன்? காலை எட்டு மணிக்குப் பழைய இரும்பு, பழைய பேப்பர் வண்டி ஒலிபெருக்கியில் பாட ஆரம்பிக்கும். அது தெருமுனை திரும்புவதற்குள் தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் மொட்டை மாடியைத் தடவிக்கொண்டு போகும். எதிர் மனையில் போர் போடுவார்கள். எல்லாம் அடங்கியது என்று பொத்தானை அழுத்தினால், பட்டை கையை இறுக்கும் அதே நொடியில் ஒருவன் “உப்போய்” என்று வாசலில் நிற்பான். பிரஷர்காரன் வீட்டு வாசலில், கல் உப்பு மூட்டையோடு!

பிரஷரை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்கிற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையை மல்லாத்திக் கட்டிப்போட்டு, தமனியில் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறி நின்றது. 1733ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மல்லாத்திக் கட்டிக் குழாய் செருகினால் எந்தக் குதிரைக்குத்தான் ஏறாது என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே சிலருக்கு எண் எகிறும் என்பதை மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள அதற்குப் பிறகு ரொம்ப காலம் பிடித்தது.

எனக்கு வெள்ளைக் கோட்டால் தொந்தரவில்லை. நைட்டிதான் பிரச்சினை.

விஷயம் என்னவென்றால், எனக்குப் பிரஷர் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் செய்தித் தணிக்கை அமலில் இருக்கிறது. “அவர்கிட்ட சொல்லாதே, ஏறிடும்” என்பது சட்டம். ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்ததும், மகன் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனதும், மாடிக் குடித்தனக்காரர் காலி செய்வதும் தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகே எனக்குத் தெரியவரும். மாடம்பாக்கம் பேரூராட்சியாக இருந்து 2021ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்ததல்லவா, அப்புறம் வந்த வீட்டு வரி ரசீதை என் மனைவி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். டோனி இறங்கினால் டிவி அணைந்துவிடும்.

ஆனாலும் சில செய்திகளைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதற்கு என் மனைவி ஒரு முறை வைத்திருக்கிறாள். முதலில் மெஷினை எடுத்து வருவாள். “ஏங்க, சும்மா ஒரு தடவை பாத்துடலாமா?” எண் 130க்குக் கீழே இருந்தால் செய்தியைச் சொல்லுவாள். மேலே போனால் ஒரு டம்ளர் மோர் தந்துவிட்டுப் போய்விடுவாள். இந்த ரகசியம் எனக்குப் பிடிபட்டதிலிருந்து ஏற்பாடே குட்டிச்சுவராகிவிட்டது. அவள் நைட்டியோடு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாலே, யாருக்கு என்ன ஆச்சோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மெஷின் 160 காட்டும். 160 காட்டியதால் செய்தி வராது. செய்தி வராததால் ராத்திரி தூக்கம் வராது. காலையில் பார்த்தால் 165. கடைசியில் விசாரித்தால், அவள் சொல்ல வந்தது பால்காரர் நாளைக்கு வர மாட்டார் என்பதாக இருக்கும்.

உப்புக்கு வருவோம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம். எட்டோடு நிறுத்துகிறோமே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையின் இடது மூலையில் என்ன விழுகிறது? உப்பு. அடுத்தது ஊறுகாய். பிறகு அப்பளம். சோறு வருவதற்குள் என் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். எழுந்து கை கழுவினால் பெண் வீட்டாருக்குக் கோபம் வரும்.

வீட்டில் எனக்கென்று தனிக் கிண்ணத்தில் உப்புப் போடாமல் சாம்பாரை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு உப்புப் போடுவாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவன் என் வீட்டில்தான் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அதே சாப்பாட்டு மேஜையில் மாவடு ஜாடி இருக்கிறது, நாரத்தங்காய் இருக்கிறது, மோர்மிளகாய் இருக்கிறது. “அது உப்பில்லைங்க, ஊறுகாய்” என்பது அவள் தரப்பு. பிஸ்கட்டிலும் பிரெட்டிலும் சோடியம் இருக்கிறது என்று சொன்னால், பொட்டலத்தைப் பிரித்து நக்கிப் பார்த்துவிட்டு “இனிக்குதே” என்கிறாள்.

பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பு கடையில் விற்கிறது. சீனக் கிராமங்களில் பெரிதாகச் சோதித்துப் பார்த்து, பக்கவாதம் குறைகிறது என்று 2021ல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகைப் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

நமக்கு இந்த உப்புக் கட்டுப்பாடு பரவாயில்லை. 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர், கடும் பிரஷர்காரர்களுக்கு வெறும் சோறும் பழமும் பழச்சாறும் சர்க்கரையும்தான் கொடுத்தார். உப்பு அறவே கிடையாது. பலருக்கு எண் இறங்கவும் செய்தது. இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். “குழம்பு?” என்றாள். இல்லை. “ரசம்?” இல்லை. “மோராவது?” அதுவும் இல்லை. “அப்படி உயிரோட இருந்து என்னங்க பண்றது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் உருப்படியான மாத்திரை எதுவும் கிடையாது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கிடையாது. 1945 பிப்ரவரியில், உலகத்தை எப்படிப் பங்கிடுவது என்று யால்டாவில் ஸ்டாலினோடும் சர்ச்சிலோடும் பேசப் போன நாட்களில் அவருக்கு 260க்கு 150. ஏப்ரல் 12 அன்று தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தபோது 300க்கு 190. மூளையில் ரத்தக்கசிவு. அவருடைய சொந்த டாக்டர், அதிபர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தணிக்கை எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

மாத்திரைகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பாம்பில் போய் நிற்கிறது. சர்ப்பகந்தி வேரைப் பாம்புக்கடிக்கும் பித்துக்கும் நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். அது பிரஷரை இறக்கும் என்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்து பல பேருக்கு அழுத்தத்தை இறக்கியது. சிலருக்கு மனசையும் சேர்த்து இறக்கிவிட்டது. அப்புறம் பிரேசில் நாட்டு விரியன் ஒன்று. அது கடித்தவர்களுக்குப் பிரஷர் தடாலென்று விழுவதைப் பார்த்து, விஷத்தைப் பிரித்து ஆராய்ந்து, அதன் அடியொற்றி ஒரு மாத்திரை செய்தார்கள். 1981ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பரம்பரையில் பிறந்த மாத்திரையைத்தான் எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தார்கள். வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு லாபமும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு, தாம்பரத்திலிருந்து பீச் போகிற ரயிலில் ரெண்டு முறை இருமினால் உட்கார இடம் கிடைக்கும். டாக்டர் அதை நிறுத்தி அம்லோடிபின் கொடுத்தார். கணுக்கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தது. நீர் பிரிக்கிற மாத்திரையைச் சேர்த்தார். கேம்ப் ரோடு சந்திப்பில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் சிக்கிக்கொண்டவன் அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. இப்போது ஒத்துப்போகிற ஒன்று அமைந்திருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் மாற்றித் தருகிறார்கள். கேட்காமல் நாமே நிறுத்திவிடுவதுதான் ஊர் வழக்கம்.

யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. தெருவில் ஒருவர் மருதம்பட்டைக் கஷாயம் என்பார், இன்னொருவர் பாலில் வெந்த பூண்டு என்பார். பதினெண் சித்தர்களுக்கும் கோயில் உள்ள ஊர் இது. பக்கத்திலே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. அங்கே போய் முறையாகக் காட்டுங்கள் என்றால் மட்டும் இந்த வைத்தியர்கள் யாரும் போவதில்லை. ஏரிக்கரைப் பக்கம் காலையில் நடக்கிற எங்கள் கோஷ்டியில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக “மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?” என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கோஷ்டியில் ஒருவர் என்னைத் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். சோழர் காலத்துக் கோயில். தூணில் சரபேஸ்வரர் இருக்கிறார். ஞாயிறு மாலை ராகு காலத்தில், நாலரையிலிருந்து ஆறு வரை, கூட்டம் நெரியும். இரணியனைக் கிழித்த பிறகும் அடங்காத நரசிம்மரின் உக்கிரத்தைச் சரபராக வந்து சிவன் தணித்தார் என்பது கதை. “பிரஷருக்கு இவரைவிடப் பொருத்தமான தெய்வம் உண்டா?” என்றார் நண்பர். எனக்கும் சரியென்றே பட்டது. இதைப் பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமாவிடம் சொன்னேன். அவர் அந்தக் கதையை ஒத்துக்கொள்வதில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு ஏறிவிட்டது. என் மெஷினைக் கொண்டுபோய்த்தான் அளந்தோம். 170.

போன மாதம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிற பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். எனக்கு 128க்கு 82. என் மனைவி பெருமையாக நின்றாள். அந்தப் பெண் பட்டையைக் கழற்றியபடி, “அம்மா, நீங்களும் உக்காருங்கம்மா” என்றாள்.

“எனக்கெதுக்கும்மா? எனக்கு ஒண்ணும் இல்லை.”

“அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு.”

உட்கார்ந்தாள். 156க்கு 98. மறுபடி பார்த்தார்கள், 154. சுகாதார நிலையத்தில் இன்னொரு நாளும் பார்த்தார்கள், இறங்கவில்லை. வீட்டில் மெஷின் வந்து இத்தனை காலத்தில் அந்தப் பட்டை அவள் கையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எங்கள் வீட்டுச் செய்திகளையெல்லாம் எனக்குச் சொல்லாமல் அவள் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தால் வேறு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மாவடுதான் காரணமாக இருக்கும் என்றார்.

இப்போது ஒரே சாம்பார், ஒரே உப்பு, அதுவும் அளந்து போட்டது. மாவடு ஜாடி ஐயங்கார் மாமா வீட்டுக்குப் போய், அவருடைய எண்ணைக் கேட்டதும் அங்கிருந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டது. தணிக்கை இலாகா என் கைக்கு மாறியிருக்கிறது. அடுத்த அரையாண்டு வீட்டு வரி ரசீது வந்துவிட்டது. எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன், அவள் இதைப் படிப்பாள்.

நாடு முழுக்க வீடு வீடாகப் போய் அளந்து 2023ல் வெளியிட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்குப் பிரஷர். மூன்று பேரில் ஒருவருக்கு மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளப்பதற்குக் காசு கிடையாது. உங்கள் வீட்டில் மெஷின் இருந்தால், மற்றவர்களுக்கெல்லாம் பட்டை கட்டி எண் பார்த்துச் சொல்கிறவர் யாரோ, அவரை இன்றைக்கு உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசவிடாமல், முதலில் அவருக்குப் பாருங்கள்.