காட்டுக்குள் ஒரு ரைஸ் குக்கர்

கனடாவில் காட்டில் படுத்து எழும்புவதற்கும் முன்பதிவு வேண்டும். கரடிக்கு வேண்டாம், மனுசனுக்கு வேண்டும். அதுவும் இன்றைக்கு நினைத்து நாளைக்குப் போகிற அலுவல் இல்லை. ஓகஸ்ட் மாதத்தில் அல்கொன்குவின் பூங்காவில் ஒரு கூடாரம் அடிக்க நிலம் வேண்டுமென்றால், மார்ச் மாதமே, காலை ஏழு மணிக்குக் கணினியின் முன்னால் குந்தியிருக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்னரே பதிவைத் திறந்துவிடுகிறார்கள். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். உள்ளே நான் போர்வையால் தலையை மூடிக்கொண்டு, ஏரிக்கரையில் எந்த மரத்தடியில் வெயில் குறைவாக விழும் என்று வரைபடத்தில் ஆராய்ந்துகொண்டிருப்பேன். ஆராய்ந்து முடிப்பதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விடும். மிஞ்சுவது கழிவறைக்குப் பக்கத்து இடம். மாமாவுக்கு எப்போதும் அதுதான் வேண்டும் என்பதால் எங்கள் குடும்பத்தில் இதைத் தோல்வியாக யாரும் கணக்கெடுப்பதில்லை.

ரொறன்ரோவில் இருந்து வடக்கே மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். ஒட்டாவாவில் இருந்து வந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1893இல் தொடங்கிய பூங்கா இது. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது. பரப்பளவு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தை ஏழு தரம் தூக்கி உள்ளே வைக்கலாம். வைத்த பிறகும் மிஞ்சுகிற இடத்தில் ஏழு யாழ்ப்பாணத்துக்கும் தனித்தனியாகப் பழைய மாணவர் சங்கங்கள் தொடங்கி, அவை இரண்டாகப் பிரிவதற்கும் நிலம் இருக்கும். ஏரிகள் மட்டும் 2,400க்கு மேல். இத்தனை பெரிய காட்டின் தெற்கு ஓரத்தை 60ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் தூரத்துக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. காட்டை அனுபவிக்க வருகிற சனத்தில் பெரும்பகுதி அந்தத் தெருவை விட்டு அதிகம் விலகுவதில்லை. நாங்களும்தான். தெரு கண்ணில் பட்டால்தான் மாமாவுக்கு நித்திரை வரும்.

காட்டில் தங்குவதற்குப் பல படிகள் உண்டு. கீழே இறங்க இறங்க வசதி குறையும், கட்டணம் குறையும், ஊரில் மதிப்பு மட்டும் கூடும். திங்கட்கிழமை வேலைத்தலத்தில் ‘வார இறுதி எப்படி?’ என்று கேட்கும்போது, “தண்ணீர் இல்லை, கழிவறை இல்லை, மூன்று நாள் மழை” என்று சொல்கிற வெள்ளைக்காரரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். சூடு பிடிக்கும் அறையில் கட்டிலில் படுத்தேன் என்று சொல்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. காசு கொடுத்தால் வசதி கூட வேண்டும் என்று பிடிவாதமாக நம்புகிறார்கள்.

அதனால் மாமா முதலில் கேட்டது யூர்ட். மொங்கோலிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரத்தைப் பார்த்துச் செய்தது. உள்ளே அடுக்குக் கட்டில், மின்சாரம், வெப்பமூட்டி எல்லாம் உண்டு. மியூ லேக் என்ற முகாம்களத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கிற களம் அது. ஜனவரியில் பனிக்குள்ளும் போய்ப் படுக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம், அவர்களுக்கு மதிப்பு வேண்டியிருக்கிறது. யூர்ட் கைக்கு அகப்படவில்லை. அடுத்த படி, மின்சாரம் உள்ள நிலம். ஒரு மேசை, ஒரு நெருப்புக் கிடங்கு, ஒரு மின்கம்பம். அந்தக் கம்பம் வெள்ளைக்காரரின் வண்டி வீட்டுக்காக நட்டது. எங்களுடைய ரைஸ் குக்கர் அதில் போய்க் குத்தியதும், பதினைந்து வருடமாக நாங்கள் ஒரு கிழமைகூடப் பிரிந்து அறியாத அந்தச் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் எரிந்ததும் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. காடு என்றால் காடுதான், சோறு என்றால் சோறுதான்.

ஒரு நிலத்தில் ஆறு பேர் தங்கலாம் என்பது பொது விதி. ஒரு கார் பதிவுக் காசில் அடங்கும், இரண்டாவது காருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஆறு பேர் என்றால் நாங்கள் ஆறு பேர்தான் போகிறோம். பின்னேரம் ‘சும்மா பார்த்துவிட்டுப் போவோம்’ என்று வருகிறவர்களை ஆட்களாக எண்ணுவதா, காற்றாக எண்ணுவதா என்பதில்தான் பூங்காவுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு. சும்மா பார்க்க வந்த மச்சாள் கையில் நாற்பது றோல்ஸும் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியும் இருந்தன.

முகாம்களங்களில் ரேடியோ போடவே கூடாத பகுதிகள் தனியாக உண்டு. அமைதி தேடிப் போகிறவர்களுக்கு. என் மனைவி அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். தடை ரேடியோவுக்குத்தான், மாமாவுக்கு இல்லை என்பது இருட்டிய பிறகுதான் அக்கம்பக்கத்துக்குத் தெரியவந்தது. சாப்பிட்டு முடிந்து நெருப்பைப் பார்த்தால் அவருக்குப் பழைய பாட்டு வரும். சரணம் மறந்துபோகும். மறந்த இடத்தை நீட்டி இழுத்து நிரப்புவார். பக்கத்துக் கூடாரத்து மனிதர் ஒருமுறை வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, மறுபடி உள்ளே போனார்.

நெருப்பு என்றதும் விறகு ஞாபகம் வருகிறது. வீட்டில் இருந்து விறகு கொண்டுபோகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மரத்தை அரிக்கும் வண்டுகள் விறகுக்குள் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போகும். வட அமெரிக்காவில் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்த பச்சை வண்டு இப்படியும் பயணம் செய்தது. அது நியாயம்தான். ஆனால் முகாம்களத்தில் விழுந்து கிடக்கிற சுள்ளியையும் பொறுக்கக் கூடாது. அப்படியென்றால்? பூங்காவுக்குள்ளேயே விறகு விற்கிறார்கள், காசு கொடுத்து வாங்க வேண்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பார்த்துத்தான் நாங்கள் இதுவரை சிரித்தோம். இங்கே கொல்லன் தெருவுக்குப் போய் ஊசியை வாங்கிக்கொண்டு வருகிறோம். இதிலே இன்னொன்று. மாகாணப் பூங்காக்களில் வணிகத்துக்கு மரம் வெட்ட இன்றும் அனுமதி உள்ளது அல்கொன்குவின் ஒன்றில்தான். பூங்காவின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் முறையாகத் திட்டம் போட்டு வெட்டுகிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. பூங்கா தொடங்கிய காலத்திலேயே மர வியாபாரம் அங்கே இருந்தது, விவசாயத்துக்கு நிலம் போய்விடக் கூடாது என்பதும் அன்றைய நோக்கங்களில் ஒன்று. ஆனாலும் முழு மரங்களை அடுக்கிய லொறி போகிற காட்டில், கையில் ஒரு சுள்ளியோடு அகப்பட்டுவிடுவோமோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு தனி அனுபவம்.

கரடி விசயத்தில் மட்டும் எல்லோரும் ஒழுங்கு. அங்கே இருப்பவை கருங்கரடிகள். மனுசனை அவை அதிகம் விரும்புவதில்லை, மனுசனின் சாப்பாட்டை விரும்பும். அதனால் உணவு, குப்பை, பற்பசை, வாசனைச் சவர்க்காரம் எல்லாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். விதி எழுதியவர்கள் ஒரு பாண் பக்கெற், கொஞ்சம் சீஸ், நாலு தக்காளி என்று நினைத்து எழுதியிருப்பார்கள். கறிச்சட்டி, கருவாட்டுப் பொரியல், மாசிச் சம்பல், மிஞ்சிய றோல்ஸ் அத்தனையும் என் காருக்குள் ஏறின. கரடி வந்ததாகத் தெரியவில்லை. வந்து மணந்து பார்த்து, இது நமக்குக் காரம் என்று போயிருக்கவும் கூடும். அந்தக் காரில் இப்போதும் யாராவது ஏறினால் ஒரு கணம் நின்று, பிறகுதான் இருக்கைப் பட்டியைப் போடுகிறார்கள். உண்மையான கள்ளன் கரடி அல்ல, சிப்மங்க். முதுகில் கோடு போட்டிருப்பதால் அம்மா அதை ராமர் தடவிய அணில் என்றே முடிவு செய்து, வடையைத் தானே பிய்த்துப் போட்டார். காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று மகள் விளக்கியபோது, ‘உது காட்டு விலங்கில்லை, தெரிஞ்ச அணில்’ என்று பதில் வந்தது.

ஓகஸ்டில் இடம் கிடைக்காதவர்கள் மே கடைசியில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து போவதுண்டு. சுலபமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. கறுத்த ஈ என்று ஒன்று. ஓடுகிற தண்ணீரில் பிறக்கும். மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் வரை அதனுடைய ராச்சியம். பகல் முழுக்க அது கடிக்கும். பொழுது பட்டதும் நுளம்பிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகும், இடையில் ஒரு நிமிடமும் விடுமுறை இல்லை. ஆனால் மூஸ் மானைப் பார்க்க அதுவே நல்ல காலம். குளிர்காலத்தில் தெருவில் கொட்டிய உப்பு கரைந்து ஓரத்துக் கிடங்குகளில் தேங்கி நிற்கும். உப்புக்கு ஏங்கிப்போன மூஸ்கள் அதைக் குடிக்க நெடுஞ்சாலைக்கே வந்து நிற்கும். ஈயைப் பொறுத்துக்கொண்டால் மூஸ், ஈ இல்லையென்றால் மூஸும் தூரம்.

பிள்ளைகளுக்கு உள்காடு பார்க்க ஆசை. அதுதான் அல்கொன்குவினின் உண்மையான பெருமை என்பதை நான் மறுக்கவில்லை. கனூ என்கிற மெல்லிய படகில் ஏரி ஏரியாகப் போய், ஆளில்லாத கரையில் கூடாரம் அடிப்பது. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் நிலம் வந்தால் படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்து நடக்க வேண்டும். படகு நம்மைச் சுமக்கும் என்று நம்பி வந்தவனுக்கு அது முதல் அதிர்ச்சி. அங்கே கழிவறை என்பது மூடியுள்ள ஒரு மரப்பெட்டி. சுவர் இல்லை, கூரை இல்லை, சுற்றிவரக் கனடா. இதுவரை கேட்டும் மாமா அசையவில்லை. உள்காட்டுக்கு ரின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை என்று படித்துக் காட்டியதும்தான் எழும்பினார். “மீன் ரின்னும் ஏலாதோ?” ஏலாது. “மற்றப் போத்தலும்?” அதுவும் ஏலாது. மாமா பேச்சை முடித்துக்கொண்டார். என் மனைவி கனூவை வேறு வழியால் முடித்தாள். கனடாவின் காடுகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ரொம் தொம்சன், படகு ஓட்டுவதில் பழகினவர், 1917 ஜூலையில் இதே பூங்காவின் கனூ ஏரியில்தான் இறந்து கிடந்தார். எப்படி இறந்தார் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். “பழகினவருக்கே அப்படி. நீங்கள் பாத் ரப்பிலேயே வழுக்கிற ஆள்” என்றாள்.

ஒரு காசும் இல்லாத படியும் உண்டு. பூங்காவுக்கு வெளியே, ஒன்ராறியோவின் பெரும்பகுதி அரச காணி. கனடாவில் வசிப்பவர்கள் அதில் ஓர் இடத்தில் ஆண்டுக்கு 21 நாள் வரை இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம். மாமா இலவசம் என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணாடியைப் போட்டார். தண்ணீர்க் குழாய் இல்லை, மேசை இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை என்று கேட்டுக் கழற்றினார்.

நாங்கள் கூடாரம் அடித்த விதத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வளைகிற கம்பிகள், நிறம் நிறமான கொளுக்கிகள், படம் போட்ட வழிகாட்டி. நானும் மகனும் வழிகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அம்மா மடக்குக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“95இல யாழ்ப்பாணத்தை விட்டு ஓடேக்கை ஒரு தறப்பாளும் நாலு தடியும்தான். சாவகச்சேரியில கொப்பர் பத்து நிமிசத்தில கட்டினவர். கீழ வெள்ளம் போகக் காணும் வெட்டினவர்.”

மகன் என்ன சொல்வது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அதுக்கு ஒருத்தரும் எங்களிட்டைக் காசு கேக்கேல்லை” என்றார் அம்மா. பிறகு எழும்பி வந்து அவன் கையில் இருந்த கயிற்றை வாங்கி, “உது என்ன முடிச்சு? ஆட்டுக்குட்டி கட்டினாலும் அவிழும்” என்று தானே கட்டினார். அன்று இரவு பெய்த மழையில் அசையாமல் நின்றது அந்த மூலை மட்டும்தான்.

ஓகஸ்டில் போனதில் ஒரு இலாபம், ஓநாய் ஊளை. 1963இல் இருந்து நடக்கிற நிகழ்ச்சி. முதல் நாள் இரவு தெருவுக்குக் கிட்ட ஓநாய்க் கூட்டம் இருப்பதைப் பூங்கா ஊழியர்கள் கேட்டுப் பார்த்து உறுதி செய்தால்தான் மறுநாள், வியாழக்கிழமை, நடத்துவார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம். திறந்தவெளி அரங்கில் ஓநாயைப் பற்றி ஒரு பேச்சு, பிறகு கார்கள் வரிசையாக நெடுஞ்சாலையோரம் போய் நின்று, விளக்கை அணைத்து, எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். எத்தனையோ நூறு பேர், ஒரு சத்தம் இல்லை. கோயில் திருவிழாவில்கூட நான் காணாத ஒழுக்கம். இருட்டுக்குள் ஓர் ஊழியர் வாயைக் குவித்து நீளமாக ஊளையிட்டார். காடு பேசவில்லை. மறுபடி ஊளையிட்டார். தூரத்தில் இருந்து ஒன்று பதில் சொன்னது, பிறகு இரண்டு, பிறகு குட்டிகளும் சேர்ந்து ஒரே கூச்சல்.

கலைந்து போகும்போது அந்த ஊழியர் எங்கள் காரைத் தாண்டிப் போனார். அம்மா பேத்தியின் கையை இழுத்து, கேட்டுச் சொல்லு என்றார். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: இப்படி ஊளையிடுவதற்கு உங்களுக்குச் சம்பளம் தருகிறார்களா என்று அப்பம்மா கேட்கிறார். அவர் சிரித்து, ஆமாம், இதுவும் என் வேலைதான் என்றார்.

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“கேட்டியே தம்பி? நீ இவ்வளவு நாளும் சும்மா செய்யிறாய்.”