சர்க்கிள் பேக் மேனேஜர்

‘சர்க்கிள் பேக்’ என்பது, இப்போதைக்கு ஒதுக்கிவைத்த விஷயத்துக்குப் பிற்பாடு திரும்பி வருவதைக் குறிக்கும் ஆங்கில வினை. பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டு ஐடி வளாகங்களில் அது ஒரு மனிதரைக் குறிக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி மூடிய லேப்டாப், எந்நேரமும் அடுத்த மீட்டிங்குக்குப் பத்து நிமிடத் தாமதம்.

இவர் வாயில் இந்த வினைக்கு எதிர்காலம் மட்டுமே உண்டு. ‘ஐ வில் சர்க்கிள் பேக்’ என்பார். திரும்பி வந்ததாக இறந்தகாலத்தில் சொல்லிக் கேட்டவர் எவருமில்லை.

செயப்படுபொருளுக்குக் கட்டுப்பாடு கிடையாது. டெலிவரி தேதி கேட்டாலும் சர்க்கிள் பேக், இன்க்ரிமென்ட் கேட்டாலும் சர்க்கிள் பேக். ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று நடுங்கிக்கொண்டே கேட்டாலும், “குட் பாயின்ட்பா, சர்க்கிள் பேக் பண்றேன்.” தமிழில் ‘பார்க்கலாம்’ என்றாலும் கன்னடத்தில் ‘நோடோணா’ என்றாலும் ஆசை வைக்கக்கூடாது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். சர்க்கிள் பேக்கையோ நம்பி, பாவம், காலண்டரில் குறித்துவைக்கிறார்கள்.

மெக்ரி சர்க்கிள், ஹட்சன் சர்க்கிள் என்று சந்திப்புகளுக்கெல்லாம் சர்க்கிள் என்று பேர் வைத்த ஊர் இது. அங்கே மாட்டிய வண்டிகூட ராத்திரிக்குள் வீடு போய்ச் சேர்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு உலகப் பெருமையும் உண்டு. 2021இல் வெள்ளை மாளிகை ஊடகச் செயலராக இருந்த ஜென் சாகி இதையே அடிக்கடி சொல்லிக் கேலிக்கு ஆளானார். அவரிடம் கேட்டவர்கள் நிருபர்கள். இவரிடம் கேட்பவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டிய மதுரைப் பிள்ளைகள்.

மேனேஜர் கெட்டவரல்லர். கோடையில் கலிபோர்னியாவில் காலை ஒன்பதரை என்றால் இங்கே இரவு பத்து. அந்நேரத்தில் தம் புரமோஷனைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பார். திரையின் அந்தப் பக்கத்திலிருந்து அதே இரண்டு சொற்கள் வரும். “ஷ்யூர், ஷ்யூர்” என்று இவரும் சிரித்துவைப்பார்.

ஆனாலும் லீவு விஷயம் வேறு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. பண்டிகை டிக்கெட் சில நிமிடங்களில் தீர்கிறது. தட்கலும் கைவிட்டால் ஆம்னி பஸ்காரர் சொன்னதுதான் கட்டணம். லீவு இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடலாம், சார். உண்டென்றால் 61ஆம் நாளே சொல்லிவிடுங்கள்.