ரிட்டயர் ஆகாத மனுஷன்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு எப்போதாவதுதான் வேலை. பந்தும் உருண்டையாக இருக்காது. இந்த ஆட்டத்தைப் பட்டாளம் மாதிரிச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், பாதிரியார் ஆகப் படித்த ஏமோஸ் அலான்ஸோ ஸ்டேக்.

1862-ல் நியூ ஜெர்சியில் பிறந்தார். இறையியல் படிக்க யேல் பல்கலைக்கழகம் போனவர், பேஸ்பாலில் பந்து வீசியே பேர் வாங்கினார். 1889-ல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஆல் அமெரிக்கன் ஃபுட்பால் அணியிலும் இடம் கிடைத்தது. பிரசங்கம் மட்டும்தான் வரவில்லை. சரி, பாவிகளைப் பேசித் திருத்த முடியாவிட்டால் ஓடவிட்டுத் திருத்தலாம் என்று உடற்பயிற்சிப் பக்கம் ஒதுங்கினார்.

ஸ்ப்ரிங்ஃபீல்ட் பயிற்சிப் பள்ளியில் அவரோடு இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அப்போதுதான் கூடைப்பந்தைக் கண்டுபிடித்திருந்தார். 1892 மார்ச்சில் ஊரைக் கூட்டி நடத்திய முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களை மாணவர்கள் 5-1 என்று துவைத்தார்கள். அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டேக். கண்டுபிடித்தவரே தோற்ற கட்சியில் இருந்தார்.

அதே வருடம் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தது. அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டேக்குக்குப் பாடம் எடுத்தவர். பழைய மாணவனைக் கூப்பிட்டுப் பேராசிரியர் அந்தஸ்தும் நிரந்தர வேலையும் கொடுத்தார். நாலு மேட்ச் தோற்றால் கோச்சை மூட்டை கட்டச் சொல்லும் தொழிலில் இது குபேர யோகம். முதல் வருடம் ஆள் பற்றாததால் கோச்சே களத்தில் இறங்கி ஆடினார்.

குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். கோபம் தலைக்கேறினால் ‘கழுதை’ என்பார். அதற்கும் மசியாதவனுக்கு ‘இரட்டைக் கழுதை’ பட்டம். அந்தக் கழுதைகள்தான் 1905-ல் மிச்சிகனைச் சந்தித்தன. மிச்சிகன் தொடர்ந்து 56 ஆட்டங்கள் தோற்காமல் வந்த அணி. முடிவு 2-0. அந்த இரண்டு புள்ளியும் சிகாகோ பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு வந்ததல்ல. பந்து வைத்திருந்த மிச்சிகன்காரரை அவர் எல்லைக்குள்ளேயே மடக்கிக் கவிழ்த்ததற்கு வந்தது.

இப்படியே 41 சீசன். மைதானத்துக்கே ஸ்டேக் பேரை வைத்துவிட்டார்கள். 1929-ல் ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக வந்தார், வயது 30. உடற்பயிற்சி செய்யும் எண்ணம் வந்தால் அது போகும்வரை படுத்துக்கொள்ளும் ரகம் என்று அவரைப் பற்றி ஒரு ஜோக் உண்டு. எழுபது வயதானால் ஓய்வு என்றது விதி. 1932-ல் பெரியவருக்கு எழுபது. போகிற போக்கில் வேறு ஒரு நாற்காலி தருகிறோம் என்றார்கள். நாற்காலி எதற்கு, நான் நிற்கிற ஆள் என்று கலிபோர்னியாவுக்கு ரயிலேறிவிட்டார்.

ஸ்டாக்டனில் இருந்த பசிபிக் கல்லூரி அவரை வேலைக்கு எடுத்தது. 1938-ல் அந்தப் பையன்களோடு சிகாகோ வந்தார். தன் பேர் வைத்த மைதானத்தில், தான் வளர்த்த அணியை, 32-0 என்று சாத்திவிட்டுத் திரும்பினார். அடுத்த வருடம் மிச்சிகன் 85-0 என்று பழைய கணக்கை வட்டியோடு தீர்த்தது. ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே ஒழித்துக்கட்டினார். காலியாகக் கிடந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், ஸ்குவாஷ் ஆடும் இடத்தில், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் அணு உலையை இயக்கினார். அணுவைப் பிளந்தால் ஆட்சேபம் இல்லை, பந்தை எறிந்தால்தான் படிப்பு கெட்டுவிடும் போலிருக்கிறது.

அடுத்த வருடம் 81 வயதில் ஸ்டேக்குக்கு நாட்டின் சிறந்த கோச் விருது. பசிபிக் கல்லூரியும் 1946-ல் போதும் என்றது. உடனே பென்சில்வேனியாவின் சஸ்குவெஹன்னா பல்கலைக்கழகத்தில் மகனோடு கோச்சாகச் சேர்ந்துகொண்டார். வயதானால் மகன் வீட்டுக்குப் போவது சரி. மகன் ஆபீசுக்குப் போனவர் இவர்தான். 1951-ல் ஹட்சின்ஸ் சிகாகோவை விட்டுக் கிளம்பினார். அவர் வீட்டுக்கு அனுப்பிய கிழவர் அப்போதும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஸ்டாக்டன் திரும்பி, தொண்ணூறு தாண்டியும் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய 314 வெற்றியைத் தாண்ட 1981-ல் பேர் பிரையன்ட் என்ற கோச் வரவேண்டியிருந்தது. 1965-ல் 102 வயதில் ஸ்டேக் காலமானார். நான்கு வருடம் கழித்து சிகாகோ மறுபடியும் ஃபுட்பால் அணி அமைத்தது. ஆள் இருந்திருந்தால் முதல் விண்ணப்பம் அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.