நாற்காலிக் கோட்டு: ஒரு பிரமாண விசாரணை

வாணிப நிர்வாகம் பயிலும் மாணவர்கள் கோடைக்காலத்தில் அயல்நாட்டுப் பெருநகரங்களுக்குச் சென்று பெறும் பயிற்சியைப் பற்றி எழுதியவர்கள், அங்கே அவர்கள் கணக்குப் பழகியதையும் பெரிய மனிதர்களின் அறிமுகம் பெற்றதையும் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்களே ஒழிய, அப்பயிற்சியின் ஜீவநாடியான ஒரு பொருளை, அதாவது மாணவன் வெளியே நழுவும்போது தன் நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டுப் போகும் கோட்டை, ஒரு வரியாலும் கௌரவிக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

ஆராய்ச்சிக்குரிய க்ஷேத்திரமாக லண்டனின் கிழக்கே உள்ள கேனரி வார்ஃபைக் கொள்கிறேன். 1802இல் திறந்து 1980இல் மூடிய வெஸ்ட் இந்தியா துறைமுகத்தின் மேல், 1991இல் 235 மீட்டர் உயரக் கோபுரமும் பின்னர் அதைச் சுற்றிப் பல வங்கிகளும் எழும்பிய இடம் அது. சர்க்கரை மூட்டையும் ரம் பீப்பாயும் இறக்க வந்த கூலிகள், அன்றன்றைய வேலைக்காக அங்கே வாசலில் முண்டியடித்து மேஸ்திரியின் கண்ணில் பட முயன்றார்கள். மணிக்கு ஆறு பென்னி கேட்டு 1889 ஆகஸ்டில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தமும் அத்துறைகளில்தான் மூண்டது. கண்ணில் படுவதே பாதி உத்தியோகம் என்பதை அந்த மண் அன்றே அறியும்.

ஜூனில் வந்து ஆகஸ்டில் திரும்பும் மாணவனுக்குச் சுமார் பத்து வாரமே அவகாசம். அதன் முடிவில் சிலருக்கு நிரந்தர வேலை வாய்க்கும், சிலருக்குக் கைகுலுக்கல் மட்டும் வாய்க்கும். ஆகையால் மேலாளர் கிளம்பாமல் அவன் கிளம்பமாட்டான்; மேலாளரோ தமக்கும் மேலானவர் எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார். பசியும் தூக்கமும் உடைய மானிட தேகம் இந்த ஏற்பாட்டைத் தாங்காதெனக் கண்ட யாரோ ஒரு மகானுபாவன் கோட்டைக் கழற்றி மாட்டினான்.

மலையில் புகையைக் கண்டு தீயை ஊகிப்பது நம் நையாயிகர்களின் பழைய உதாரணம். அவ்வழியே, 'இந்நாற்காலிக்கு ஆள் உண்டு' என்பது பிரதிக்ஞை; 'கோட்டு தொங்குவதால்' என்பது ஹேது; 'எங்கெங்கே கோட்டோ அங்கங்கே ஆள், மேலாளரின் நாற்காலியிற்போல' என்பது திருஷ்டாந்தம். ஆளின்றியும் கோட்டு தொங்குமாகையால் ஹேது பழுதுடையது என்பான் பூர்வபக்ஷி. மேலாளருக்கு வேண்டியது ஆளைப் பற்றிய நிச்சயமே ஒழிய ஆள் அன்று; ஆளே வேண்டுமென்றால் கைப்பேசியில் கூப்பிட்டுக்கொள்வார் என்பது சித்தாந்தம். நந்திக்கிராமத்தில் பாதுகைகள் பதினான்கு ஆண்டு அரசாண்டபோது, ராமன் எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று எந்த மந்திரியாவது பரதனைத் தினமும் நச்சரித்தானா?

மாட்டுவதிலும் முறை உண்டு. இரு தோளும் சமமாக நிற்க, மடிப்புக் கலையாமல் மாட்டிய கோட்டு, உடையவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஊருக்கே சொல்லிவிடும். ஒரு தோள் சரிந்து, ஒரு கை உள்ளே பாதி மடிந்து, இப்போதுதான் அவசரமாக எழுந்தான் என்று தோன்ற வேண்டும். மூடி கழற்றிய பேனாவும், காகிதக் கோப்பையில் பாதி குடித்து ஆறிப்போன காபியும் உபாங்கங்கள்.

இதற்கு லண்டனின் சீதோஷ்ணமும் சகாயம் செய்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் இரவு 9.20 அளவில்தான் அஸ்தமிப்பதால், எட்டு மணிக்கும் ஜன்னல் வெளிச்சம் மாலைபோலவே இருக்கும். சுரங்க ரயிலின் சென்ட்ரல் தடத்தில் கோடை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவதால், கோட்டைத் துறந்து வீடு செல்வது தேகத்துக்கும் இதம்.

கோட்டுக்கு ஒரே சத்துரு, ஆள் அசைந்தால் எரிந்து அசையாவிட்டால் தானே அணையும் விளக்கு. மனிதக் கண்ணை ஏமாற்றிய கோட்டு, கையை ஆட்டத் தெரியாத ஒரே குற்றத்துக்காக அதனிடம் தோற்று, இருளில் தொங்கும். இதற்குப் பரிகாரம், மெய்யாகவே உழைக்கும் ஒருவனுக்குப் பக்கத்து இருக்கையை முதல் நாளே பிடித்துக்கொள்வதுதான். அவன் அசைவுக்கு எரியும் விளக்கு நம் கோட்டின் மேலும் கருணை பொழியும். உழைப்பாளிகளால் சமூகத்துக்குக் கிட்டும் நன்மைகளில் இதையும் பொருளாதார நூலார் சேர்க்கலாம்.

ஆயினும் 2019இல் கோல்ட்மன் சாக்ஸ் போன்ற வங்கியே உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபின், கோட்டணிவோர் அருகி, சாஸ்திரம் க்ஷீணதசையை அடைந்துவிட்டது. இன்று அதன் சிம்மாசனத்தில் வீற்றிருப்பது, ஆள் கணினி முன் இருப்பதாகச் சகாக்களுக்கு அறிவிக்கும் பச்சைப் புள்ளி. சற்று நேரம் சும்மா இருந்தால் அது மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்குமாதலால், சுட்டியைத் தானாக நகர்த்தும் கருவிகளைக் கடையில் விற்கிறார்கள். எனக்கு இதில் மதிப்பில்லை. கோட்டின் பையில் வீட்டுச் சாவியை மறந்து போனவன் நள்ளிரவானாலும் அலுவலகத்துக்குத் திரும்பியே தீர வேண்டும்; அந்த மட்டுக்காவது கோட்டு நிர்வாகத்தின் பக்ஷம் நின்றது. புள்ளிக்குப் பை கிடையாது.