ஐம்பது ரூபாய் இன்ஜின்

ஸ்ரீராம்பூருக்கு நீராவி இன்ஜின் வந்ததற்குத் தொழிற்புரட்சி காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறையான்தான் காரணம்.

வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். வேதத்தை எல்லா மொழியிலும் அச்சடித்தே தீருவது என்று 1793-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரி என்றாலே வயிற்றைக் கலக்கும். சிப்பாயின் சாமியில் கை வைத்தால் சிப்பாய் கலகம் செய்வான், கலகம் வந்தால் கல்லா காலியாகும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே கேரியும் கூட்டாளிகளும் 1800-ல் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், டேனிஷ் கொடி பறந்த ஸ்ரீராம்பூரில் தஞ்சம் புகுந்தார்கள். நம் தரங்கம்பாடிக்கு அது ஒருவகையில் உடன்பிறந்த ஊர். 1845-ல் டேனிஷ்காரர்கள் இரண்டையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அச்சகம் அமோகமாக நடந்தது. காகிதம்தான் காலை வாரியது. உள்ளூர்க் காகிதத்துக்கு அரிசிக் கஞ்சி போட்டு மெருகேற்றுவார்கள். வங்காளத்துக் கறையானுக்கும் புழுவுக்கும் வேறென்ன வேண்டும்? ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கம் அச்சேறுவதற்குள் முதல் பக்கங்களை அவை தின்று தீர்த்துவிடும் என்கிறார் கேரியின் வரலாற்றை எழுதியவர். ஆதியாகமம் கறையான் வயிற்றில், மல்கியா இன்னும் அச்சில். இப்படியொரு விமர்சனத்தை எந்த எழுத்தாளனும் தாங்கமாட்டான்.

சரி, நாமே காகிதம் செய்வோம் என்று ஆலை வைத்தார்கள். கூழரைக்க ஒரு பிரம்மாண்டமான மிதிசக்கரம். அதை முறை வைத்து மிதிக்க நாற்பது கூலியாட்கள். ஆத்தும ரட்சிப்புக்கான புத்தகத்துக்காக நாற்பது பேர் காலையிலிருந்து மாலை வரை நடந்து, இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒருநாள் அந்தச் சக்கரத்தில் ஒருவர் செத்துப்போனார். பெயர் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இன்ஜின் வாங்கலாம் என்ற யோசனை பிறந்தது.

இங்கிலாந்தின் போல்டன் நகரத்துத் த்வைட்ஸ் அண்ட் ராத்வெல் கம்பெனி செய்த, 12 குதிரைசக்தி கொண்ட நீராவி இன்ஜின் கப்பலேறி வந்தது. 1820 மார்ச்சில் புகை விட்டது. சனம் அதற்கு நெருப்பு யந்திரம் என்று பெயர் வைத்துக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தது. இன்ஜினோடு சீமையிலிருந்தே இறக்குமதியான ஆபரேட்டருக்கு, வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டுவதே பாதி வேலையாகப் போயிற்றாம். வேடிக்கை பார்த்ததில் வெள்ளைக்காரர்களும் உண்டு. நீராவி யந்திரத்தைக் கண்ணால் கண்டிராத துரைமார் நிறையப் பேர், பார்த்துக் கற்றுக்கொண்டு தாங்களும் ஒன்று செய்யலாம் என்று வந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துரை பார்த்துச் செய்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

ஆற்றுக்கு எதிர்க்கரையில் பாரக்பூர். அதை ஒட்டி டிட்டாகர். அங்கே கோலக் சந்திரர் என்று ஒரு கொல்லர். ஸ்ரீராம்பூர் இன்ஜினைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது என்று சொல்வார்கள். எத்தனை தடவை ஆற்றைக் கடந்தார், ஆபரேட்டரிடம் எத்தனை வசவு வாங்கினார் என்பதை நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். துருத்தி, சம்மட்டி, பட்டறைக்கல், ஒரு ஜோடிக் கண். பட்டறையில் இருந்தது இவ்வளவுதான். வெள்ளைக்காரர் எவருடைய உதவியும் இல்லாமல் நீராவி இன்ஜினின் மாதிரி ஒன்றைச் செய்து முடித்தார்.

செய்தாயிற்று. யாரிடம் காட்டுவது? அப்போது கல்கத்தாவில் பொறியியல் சங்கம் இல்லை. காப்புரிமை அலுவலகம் இல்லை. இருந்தது வேளாண் தோட்டக்கலைச் சங்கம். அதையும் ஆரம்பித்தவர் கேரிதான், இன்ஜின் வந்த அதே 1820-ல். மனிதர் ஓய்ந்து உட்காரத் தெரியாதவர். அந்தச் சங்கம் ஆண்டுதோறும் காய்கறிக் கண்காட்சி நடத்தி, நன்றாக விளைவித்த தோட்டக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கும். 1828-ல் நடந்த கண்காட்சிக்குத்தான் கோலக் சந்திரர் தன் இன்ஜினைச் சுமந்துகொண்டு போனார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். முட்டைக்கோஸ், பட்டாணி, ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும் முள்ளங்கிகள். நடுவே பிஸ்டனும் சக்கரமுமாக ஒரு நீராவி இன்ஜின். நடுவர்கள் திணறியிருப்பார்கள். இது கிழங்கு வகையா, கீரை வகையா? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சங்கத்தின் நோக்கத்துக்குள் இது நேரடியாக வராது, இருந்தாலும் சுதேசியின் கைத்திறனுக்கும் பார்த்துச் செய்யும் ஆற்றலுக்கும் இது நல்ல சாட்சி என்று குறிப்பெழுதி, 50 ரூபாய் சன்மானம் கொடுத்தார்கள்.

ஜேம்ஸ் வாட்டுக்கு இங்கிலாந்து நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு 1800 வரை காப்புரிமையை நீட்டிக் கொடுத்தது. நம்ம ஆளுக்கு 50 ரூபாய், ஒரு முதுகுத் தட்டல். அந்தக் காலத்து 50 ரூபாய் சின்னத் தொகை இல்லை என்று யாராவது வக்காலத்துக்கு வரலாம். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் எட்டே வருஷத்தில், 1836-ல், அதே கல்கத்தாவில் துவாரகாநாத் தாகூர் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை 70,000 ரூபாய்க்கு வாங்கினார். இன்ஜின் தின்கிற கரிக்கு 70,000. இன்ஜின் செய்கிற கைக்கு 50. கல்கத்தாவின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. அதற்குப்பின் கோலக் சந்திரர் வரலாற்றில் தலைகாட்டவே இல்லை. பட்டறைக்குத் திரும்பி அரிவாள் அடித்திருப்பார்.

துவாரகாநாத்தின் பேரப்பிள்ளைகளுக்கும் இன்ஜின் பைத்தியம் விடவில்லை. ரவீந்திரநாதரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் ஒருநாள் ஏலத்துக்குப் போனவர், 7,000 ரூபாய்க்கு ஒரு கப்பலை எடுத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு வீடு திரும்பினார். கப்பல் என்றால் வெறும் இரும்புக் கூடு. இன்ஜின் கிடையாது, அறை கிடையாது. இரண்டையும் வைத்துவிட்டால் முழுக் கப்பல்தானே என்று சமாதானம். தாலி கட்டியாயிற்று, பெண்ணைத் தேட வேண்டியதுதான் பாக்கி என்பது மாதிரி. எப்படியோ 1884-ல் கப்பல் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்தது. தேசபக்தி தலைக்கேறிய இவர்கள் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அதுவும் போதாதென்று பயணிகளுக்குச் சிற்றுண்டி வேறு. கூட்டம் அலைமோதியது, பணம் ஆற்றோடு போனது. கடைசியில் ‘சுதேசி’ என்ற அவர்களுடைய கப்பல் ஹௌரா பாலத்தில் மோதி மூழ்கிற்று. தம்பி பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்பில் இதைச் சிரித்துக்கொண்டே எழுதிவைத்திருக்கிறார். கடன்பட்டது அண்ணன்தானே.

இத்தனை ஆட்டத்திலும் குடியானவன் எங்கே என்று தேடினால், எப்போதும்போல வயலில்தான் நின்றுகொண்டிருந்தான். வங்காளத்தான் தோணி போன்ற இறைப்பானில் தண்ணீர் இறைத்தான். நம்மவன் ஏற்றத்தில் நடந்தான், கமலையில் மாட்டை முன்னும் பின்னும் ஓட்டினான். நீராவி இன்ஜினைக் கிணற்றடியில் வைத்தால் கொதிகலன், கரி, அதற்கு ஒரு ஆள், அவனுக்குச் சம்பளம். நெல் விற்ற காசு புகையாகத்தான் போகும்.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர், காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அதுவே கொதித்து எண்ணெயைப் பற்றவைக்கும், தனியாகத் தீப்பொறி எதற்கு என்று கேட்டார். 1897-ல் ஓட்டியும் காட்டினார். இங்கிலாந்துக்காரர்கள் விடுவார்களா? எங்கள் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் ஏழு வருஷம் முந்தியே எண்ணெய் இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், டீசல் அதைப் பார்த்துச் செய்தவர் என்று இன்றுவரை முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் ஜெர்மன்காரனுக்கு யாரும் 50 ரூபாய் கொடுத்து அனுப்பவில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் வகை இன்ஜின் ஒன்று எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில். மணக்க மணக்க ஓடியிருக்கும். பக்கத்தில் ஒரு வடைச்சட்டி இல்லாத குறைதான். 1913-ல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன டீசல், ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. கடன் தொல்லை என்பார் சிலர், கொலை என்பார் சிலர்.

மதராஸ் மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிணற்றுக்கு ஆயில் இன்ஜினும் பம்பும் வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் கேட்க ஆரம்பித்த நேரத்தில் லண்டனில் இந்திய விவகார அமைச்சர் மார்லி பிரபுவுக்கு மூக்கு வியர்த்தது. சர்க்கார் தொழில் வளர்ப்பதாவது என்று 1910-ல் உத்தரவு போட்டு மாகாணத் தொழில் துறையின் கையைக் கட்டினார். சாட்டர்டன் மைசூருக்குப் போய்விட்டார். பிற்பாடு 1932-ல் பைகாரா மின்சாரம் வந்ததும் கோவைப் பக்கம் மோட்டாருக்குத் தாவியது. கம்பி எட்டாத ஊர்களில் ஆயில் இன்ஜின்தான் ராஜா.

அந்த ராஜாவை எழுப்புவதே தனிச் சடங்கு. முதலில் டீசல் குழாயில் ஏர் எடுக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை பொறுமை. பிறகு ஹேண்டிலைச் செருகி, வால்வைத் தூக்கிவிட்டுச் சுற்ற வேண்டும். வாட்டசாட்டமான ஆளுக்கே முதல் நாலு சுற்றில் நாக்குத் தள்ளும். பிளைவீல் வேகம் பிடித்ததும் வால்வை விட்டால் ஒரு தும்மல், ஒரு கரும்புகை, அப்புறம் ஊர் முழுக்கக் கேட்கும் டுப், டுப், டுப். மார்கழிக் காலையில் இவ்வளவுக்கும் மசியாது. காற்று உறிஞ்சுகிற வாயில் எரிகிற துணியைக் காட்டுவார்கள், வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும், அப்புறம்தான் கிளம்பும். இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வரும் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் குளிக்கப் பிள்ளைகள் சண்டை போடும்.

வங்காளத்திலும் அதே இனம்தான். ஆழமில்லாத குழாய்க்கிணற்றில் தண்ணீர் இறைப்பதால் ‘ஷாலோ’ என்றே அதற்குப் பெயர். நெல் வயலில் வேலை முடிந்ததும் அதற்கு ஓய்வு கிடையாது. படகில் ஏற்றினால் ‘பட்பட்டி’, மூன்று சக்கர வண்டியில் மாட்டினால் சரக்கும் ஆளும் ஏற்றும் ‘வேனோ’. போக்குவரத்துச் சட்டத்தில் இந்த ஜந்துவுக்கு என்ன வகுப்பு என்று கேட்டால் அதிகாரிகள் அந்தப் பழைய கண்காட்சி நடுவர்கள் மாதிரியே தலையைச் சொறிகிறார்கள்.

இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் கம்பெனி, நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றும் கனத்த இன்ஜின் ஒன்றை அரை நூற்றாண்டுக்கு மேல் செய்துவிட்டு 1987-ல் நிறுத்தியது. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் நிறுத்தவில்லை. பார்த்துச் செய்ததுதான், அச்சு அசல். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய இன்ஜின்மேல் மோகம் கொண்ட கனவான்கள் அந்த ராஜ்கோட் நகலை வரவழைத்துப் பிரித்து, கழுவி, வர்ணம் பூசி, ஞாயிற்றுக்கிழமை தோறும் பண்ணை வீட்டில் ஓட்டிவிட்டுச் சுற்றி நின்று ரசித்தார்கள். கோலக் சந்திரரின் பங்காளிகள் செய்த சரக்கை வேடிக்கை பார்க்கக் கூட்டம் இப்போது அந்தப் பக்கம்.

உங்கள் தாத்தா காலத்துக் கிணற்றடியில் ஆயில் இன்ஜின் ஒன்று துருவேறிக் கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிளைவீலைக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள், சம்மட்டியால் அடிக்காதீர்கள். பிஸ்டன் இளகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டேங்கைக் கழுவுங்கள், நாசிலைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிபாருங்கள், புது ஆயில் மாற்றுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது மட்டும் கட்டைவிரலை மற்ற நாலு விரல்களின் பக்கமே வையுங்கள். அது உதைக்கும். யார் சுற்றுகிறார்கள் என்று பார்த்து உதைக்காது.