பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே?

பழைய கார் நிற்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு இரண்டு வாசனை உண்டு. அடுப்படியிலிருந்து குழம்பு, போர்ட்டிகோவிலிருந்து பெட்ரோல். இந்த வாரக் கேள்விகள் எல்லாமே போர்ட்டிகோவிலிருந்து வந்தவை.

கேள்வி: பதினெட்டு வயது மாருதி 800. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது. செல்ஃப் போட்டால் மட்டும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. கடைக்காரர் புது பேட்டரி போடச் சொல்கிறார். போடலாமா? (அம்பத்தூர்)

பதில்: பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறப்பது நல்லது. ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். எஞ்சினை உலுக்கி எழுப்பும் செல்ஃப் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் தேவை. பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடி, ஹாரனுக்கு வழிவிட்டு செல்ஃபுக்குக் கதவைச் சாத்திவிடும்.

மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு கரண்டி ஆப்பசோடா, வீட்டில் ஒதுக்கிப்போட்ட ஒரு டூத் பிரஷ். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும், சோடா தண்ணீர் உள்ளே இறங்கினால் ஆசிட் கெடும். தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்றதும் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸலின் பூசினால் வேலை முடிந்தது.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரின் உடம்பு முழுவதுமே மைனஸ். மைனஸ் வயர் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகுகிற ஸ்பேனரின் வால் தப்பித்தவறி பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவிடுவது ஹைட்ரஜன். இரண்டும் சந்திக்கவே கூடாது.

அதன் பிறகு ஒரு மல்டிமீட்டர். எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 13-ஐயே எட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ சந்தேகிக்கலாம். அந்த நிலையில் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் அதுவும் ‘டிக்’ என்றுதான் சொல்லும்.

கேள்வி: ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா? (மடிப்பாக்கம்)

பதில்: கூடாது.

கேள்வி: காரை அடிக்கடி கழுவினால் மைலேஜ் கூடுமா? (தஞ்சாவூர்)

பதில்: கூடாது, ஆனால் டிக்கியில் கிடக்கும் அரிசி மூட்டையை இறக்கினால் கூடும்.

கேள்வி: அப்பாவின் அம்பாசடருக்காக நல்ல ஸ்பேனர் செட் வாங்கினேன். ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. 13-ம் நம்பர் ஏறத்தாழ உட்கார்ந்தது, ஆனால் போல்ட்டின் மூலையெல்லாம் மழுங்கிவிட்டது. போலிச் சரக்கா? (சேலம்)

பதில்: சரக்கு அசல்தான், ஜோடிதான் மாறிவிட்டது. இந்தக் கேள்விக்காகச் சேலம் வாசகருக்கு இந்தப் பகுதி நன்றி சொல்கிறது.

அம்பாசடரின் பிறந்த வீடு இங்கிலாந்து. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சில், வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை வார்த்தது. 2014 மே மாதம் அந்த ஆலை நிற்கும்வரை அந்த உருவம் பெரிதாக மாறவே இல்லை. இங்கிலாந்துக்காரர் நட்டையும் போல்ட்டையும் அங்குலத்தில் அளந்தார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் செட்டோ மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதன் மேல் 13-ஐப் போட்டால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. தலைமுடியின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்று முடி நுழையும் சந்து. துருப்பிடித்து இறுகிய போல்ட்டின் மூலைகளை வழித்தெடுக்க அது தாராளமாகப் போதும்.

எல்லா அளவும் இப்படி ஏமாற்றுவதில்லை. முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர், ஆகவே 19-ம் நம்பர் ஸ்பேனர் சற்று இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்துவிடும். பதினாறில் ஏழு அங்குலம் 11.11, அதற்கு 11-ம் நம்பர் சில சமயம் நுழையும், சில சமயம் முரண்டு பிடிக்கும். பதினாறில் ஒன்பது 14.29 மில்லிமீட்டர். 14 நுழையாது, 15 வழுக்கும். அங்கே அங்குல ஸ்பேனரைத் தவிர வேறு கதியில்லை.

தொண்ணூறுகளில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசடர் இதைவிடச் சுவாரசியம். எஞ்சின் ஜப்பான் வழி வந்தது, அதனால் மில்லிமீட்டர். உடம்பு இங்கிலாந்து வழி, அதனால் அங்குலம். அந்த வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனரும் வேண்டும். மில்லிமீட்டர்காரர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் தலையை ஜப்பானியர் 12-ஆக வைத்தார்கள், ஐரோப்பியர் 13-ஆக வைத்தார்கள். அதனால்தான் மாருதி வீட்டில் 12 தேய்ந்திருக்கும், ஃபியட் வழி வந்த பத்மினி வீட்டில் 13 தேய்ந்திருக்கும்.

சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ அங்குல ரிங் ஸ்பேனர் கேட்டுப் பார்க்கலாம். மழுங்கிய போல்ட்டுக்கு ஒரு வழி உண்டு. ஆறு முகம் உள்ள சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறுக்கித் திருப்ப வேண்டும். பன்னிரண்டு முகம் உள்ளது மீண்டும் மழுக்கும்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவார்களாமே, உண்மையா? (நாமக்கல்)

பதில்: லாரிகளின் ஊர்க்காரர் கேட்கிறார், உண்மை என்பது அவருக்கே தெரிந்திருக்கும்! நெடுஞ்சாலையில் நடு இரவில் ரேடியேட்டரில் சின்ன ஒழுகல் கண்டால் ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைக் கொட்டுவது டிரைவர்களின் பழைய வித்தை. தூள் தண்ணீரோடு சுற்றி வந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் சேர்ந்து ஊறி அடைத்துக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது கொதிநீரில் வெந்து அடைக்கும்.

ஆனால் மஞ்சள் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஒழுகலை அடைக்கிற அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் குழாயையும் அடைக்கும். ஒர்க் ஷாப் போய்ச் சேர உதவும், அடுத்த மாதத்துக்கு உதவாது.

இந்த நாட்டு வைத்தியங்களில் சில, விஞ்ஞானம் தலையசைத்து ஒப்புக்கொள்ளக்கூடியவை. பெட்ரோல் டேங்க் கசிந்தால் துணி துவைக்கிற பார் சோப்பைத் தேய்ப்பார்கள். தண்ணீரில் கரையும் சோப்பு பெட்ரோலில் கரைவதில்லை. அதனால் அந்த அடைப்பு நிற்கும். சித்திரை வெயிலில் அம்பாசடரோ பத்மினியோ நடுரோட்டில் நின்றுவிட்டால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. திரவத்தை உறிஞ்சப் பழகிய பம்ப் ஆவியை உறிஞ்சத் தெரியாமல் திகைக்கிறது. ஈரத்துணி சூட்டை இறக்கினால் ஆவி மறுபடி பெட்ரோலாகிறது, வண்டி கிளம்புகிறது. எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்த டாக்ஸி ஓட்டுநருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

இனி நிலையான வைத்தியம். எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். அந்த மூடி ஒரு குக்கர் வெயிட். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைச் சூட்டில் திறந்தால் அழுத்தம் விட்டு ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். ஆறியபின் ஓஸ்களை விரலால் அழுத்திப் பார்க்கலாம். கல்லாக இறுகியதும், பழுத்த பழம்போல் குழைவதும் மாற்ற வேண்டியவை. பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் ஏடு கட்டுவதுபோல் எஞ்சினுக்குள்ளும் கட்டும். மடிப்பாக்கம் வாசகர் கவனிக்க.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. கையில் எஞ்சின் ஆயில்தான் இருக்கிறது. (திண்டுக்கல்)

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம், பிரேக்கின் ரப்பர் கப்புகள் ஊதிப் பாழாகும், பிறகு பெடல் மிதித்தும் பலன் இருக்காது.

கேள்வி: தெரு மெக்கானிக் கொடுத்த யோசனை: ஜாக்கியில் தூக்கி, ஹாலோ பிளாக் இரண்டை முட்டுக் கொடுத்து, அடியில் படுத்து ஆயில் மாற்றலாம் என்கிறார். செய்யட்டுமா? (கடலூர்)

பதில்: வேண்டாம். இந்தக் கேள்விக்கு விளையாட்டான பதில் கிடையாது.

மாருதி 800 போன்ற லேசான காரே 650 கிலோவுக்கு மேல். அம்பாசடர் ஒரு டன்னைத் தாண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே செய்யப்பட்டது, அதன் அடிப்பாகம் சிறியது. பக்கவாட்டில் ஒரு உதை விழுந்தாலே சாயும். ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சீல் தேய்ந்தால் சத்தமில்லாமல் இறங்கும். ஹாலோ பிளாக்குக்குச் சுவரின் பரவலான எடையைத் தாங்கத் தெரியும். இரும்புச் சட்டத்தின் ஒரு முனை குத்தி நிற்பதைத் தாங்கத் தெரியாது. விரிசல் விட்டு முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். செங்கலும் அப்படித்தான்.

அடியில் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு ஜோடி இரும்பு ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். கெட்டியான சமதளம் வேண்டும். மண்ணும் வெயிலில் இளகிய தாரும் ஆகாது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர், ஹேண்ட் பிரேக் மூன்றும் வேண்டும். ஸ்டாண்டின் மேல் இறக்கியபின் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால் ஆள் வெளியே இருக்கும்போதே விழட்டும். வீட்டில் இன்னொருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் வசதி இல்லையென்றால் ஆயிலை ஒர்க் ஷாப்பில் மாற்றிக்கொள்வதே சரி. பிளக், ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி, ஓஸ் என்று மேலிருந்தே செய்யும் வேலை ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு இருக்கிறது. கடலூர் வாசகர் இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து கேட்க வேண்டும்.

கேள்வி: டூத் பேஸ்ட் தேய்த்தால் மஞ்சளித்த ஹெட்லைட் வெளுக்குமா? (திருச்சி)

பதில்: வெளுக்கும், மேல்பூச்சு போய்விட்டதால் சில வாரத்தில் மறுபடி மஞ்சளிக்கும். கண்ணாடி ஹெட்லைட் வைத்த பழைய பத்மினிக்காரருக்கு இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: பெசன்ட் நகரில் வீடு. கதவின் அடிப்பக்கம் மட்டும் துரு தின்கிறது. உப்புக் காற்றா?

பதில்: உப்புக் காற்றுக்குப் பாதிப் பழி, மீதி ஒரு சருகுக்கு. எந்தக் கார்க் கதவும் முழுக்க நீர் புகாதது அல்ல. கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். வேப்பஞ்சருகும் மண்ணும் அந்தத் துளையை அடைத்தால் கதவு உள்ளே தொட்டியாகிவிடும். இரும்பு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே காகிதம்தான் மிச்சம்.

இதற்கு உலகத்திலேயே சிறந்த கருவி தென்னை ஈர்க்குச்சி. கம்பி பெயிண்டைக் கீறும், ஈர்க்குச்சி கீறாது, வளையும். துடைப்பத்திலிருந்து ஒன்று உருவி நான்கு கதவுகளின் அடியிலும் குத்தி விட்டால் பத்து நிமிட வேலை. ஐப்பசிக்கு முன் ஒரு முறை, மழை விட்டபின் ஒரு முறை. வைப்பரின் கீழே, பானெட்டை ஒட்டிய பள்ளத்திலும் இதே சருகு, இதே துளை, இதே ஈர்க்குச்சி.

கேள்வி: கணவர் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினார். ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு ஸ்க்ரூவும் மிச்சம். வண்டி ஓடத்தான் செய்கிறது. (கோயம்புத்தூர்)

பதில்: ஓடினாலும் வெளியே எடுக்க வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஆக்சிலரேட்டரைத் திருப்பி இழுப்பதாக இருந்தால், காலை எடுத்தபின்னும் வண்டி வேகம் குறையாது. மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இம்முறை பழைய இட்லித் தட்டு ஒன்றை அவரிடம் கொடுக்கலாம். கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, தலைகீழ் வரிசையில் எடுத்துப் பூட்டினால் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிரித்துப் பார்ப்பதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம். கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, முதலில் செய்த காரியம் அதைக் கழற்றிப் போட்டதுதான்.

கேள்வி: இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய காரை என்ன செய்யும்? (மதுரை)

பதில்: எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் சற்று இறங்கும். பழைய ரப்பர் அதை ஏற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஓஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடலாம். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்க் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது ஓட்டுவதும் பராமரிப்புதான்.

கேள்வி: வீட்டில் எல்லா ஸ்பேனரும் இருக்கிறது. பத்தாம் நம்பர் மட்டும் ஏன் எப்போதும் தொலைகிறது? (பாளையங்கோட்டை)

பதில்: ஆறு மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 10. ஜப்பானிய வழிக் கார்களில் பேட்டரி முனை, ஏர் ஃபில்டர் மூடி, வயர் கிளிப் என்று கையெட்டும் சிறு வேலை எல்லாவற்றிலும் அந்த போல்ட்டுத்தான். அதனால் செட்டிலிருந்து தனியாக வெளியே வருவதும் அதுதான், எஞ்சின் மேலேயே மறந்து வைக்கப்படுவதும் அதுதான். பேட்டரித் தட்டின் அடியிலும் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் தேடிப் பார்க்கலாம். அங்கே கை விடும்போது ஈர்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு போகலாம்.