யாருக்குத் தண்ணீரில் கண்டம்?

கே: புதுத் தொட்டி வாங்கி, அன்றே பத்து மீன் விட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒன்று மிதக்கிறது. கடைக்காரர் நோஞ்சான் மீனைத் தள்ளிவிட்டாரா? (சேலம்)

ப: மீன்மேல் பழியில்லை. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் கொடிய விஷம். மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் கழிப்பறை கட்டுமுன்னே கிரகப்பிரவேசம் நடத்தி, பத்து விருந்தாளிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

கே: ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரா வாரம் குழாயடியில் பளிச்சென்று கழுவுகிறேன். ஆனாலும் மீன் சாகிறதே? (தாம்பரம்)

ப: 'ஆனாலும்' இல்லை அம்மா, 'அதனால்தான்'. குழாய்த் தண்ணீரில் உள்ள க்ளோரினுக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பாகுபாடு தெரியாது. தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை நாலு பிழி பிழியுங்கள். பளிச்சென்று இருக்க வேண்டியது கண்ணாடி மட்டும்தான்.

கே: தங்க மீனுக்கு ஞாபகசக்தி மூன்று வினாடிதானாமே? (கும்பகோணம்)

ப: பாவம், ஊரே சேர்ந்து கட்டிவிட்ட கதை. மாதக்கணக்கில் அதற்கு நினைவு நிற்கும் என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். தீனி நேரம் அதற்கு அத்துப்படி. காலையில் போட்டதை மறந்துவிட்டு மறுபடி போடுவது நாம்தான்! இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் ஒரு மணிகூட வேண்டாம். பட்டினியில் சாகும் தொட்டி மீனைவிட மிச்சத் தீனி அழுகிச் சாகும் மீன் அதிகம்.

கே: ஃபைட்டர் மீனைக் கடையில் சின்னக் குப்பியில்தானே வைத்திருக்கிறார்கள்? நானும் மேசைமேல் அப்படியே வைக்கலாமா? (ஈரோடு)

ப: கடையில் அது சரக்கு, உங்கள் வீட்டில் அது உயிர். காற்றை நேரடியாக உறிஞ்சிக்கொள்ள அதற்குத் தலையில் தனி உறுப்பு உண்டு. அதனால்தான் குப்பியிலும் உடனே செத்துவிடாமல் கிடக்கிறது. சாகாமல் கிடப்பதற்குப் பெயர் வாழ்வதா? இருபது லிட்டராவது கொடுங்கள். தாய்லாந்து 2019-ல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் அது. ஒரு நாடே தலையில் தூக்கி வைத்ததை நீங்கள் டம்ளரில் அடைக்காதீர்கள்.

கே: அரோவனா வளர்த்தால் செல்வம் கொழிக்குமா? (கோவை)

ப: விற்பவருக்குக் கொழிக்கும். அது மூன்றடி நெருங்க வளரும். உங்கள் இரண்டடித் தொட்டியில் திரும்பிப் பார்க்கக்கூட இடமிருக்காது. ஆனால் அந்த மீனிடம் மெச்ச ஒன்று உண்டு. அப்பன் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து காப்பாற்றும். அதிர்ஷ்டம் என்றால் அந்தக் குஞ்சுகளுடையது.

கே: எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். நியான் டெட்ரா நிற்கவே மாட்டேன் என்கிறது. (விருதுநகர்)

ப: அதன் பூர்வீகம் அமேசான் பகுதியின் மென்னீர் ஓடைகள். விருதுநகர் போருக்கும் அதற்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை. மோலி, கப்பி, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் இவையெல்லாம் கடினத் தண்ணீரைக் கொண்டாடும். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுங்கள். மீனுக்கு ஏற்பத் தண்ணீரை மாற்றக் கிளம்பினால் ஆர்.ஓ. மெஷின்காரர் மாடி கட்டுவார்.

கே: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. கம்ப்யூட்டர் டேபிள்மேல் வைக்கலாமா? (மதுரை)

ப: தண்ணீர் மட்டுமே 190 லிட்டர், அதாவது 190 கிலோ. கண்ணாடி, மணல், கல் சேர்த்தால் கால் டன். முதலில் அந்த டேபிள்மேல் மூன்று சம்பந்திகளை ஒன்றாக ஏற்றி நிற்க வைத்துப் பாருங்கள். உறவு மிஞ்சினால் தொட்டியை வையுங்கள்.

கே: கடல் மீன் தொட்டிக்கு எங்கள் ஊர் கல்லுப்பைக் கரைத்தால் போதாதா? (தூத்துக்குடி)

ப: உங்கள் ஊர் உப்புக்கு நான் அடிமை. ஆனால் சாம்பாரில் மட்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். பன்மையைக் கவனியுங்கள்: சோடியம் குளோரைடோடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. கல்லுப்பில் பெரும்பாலும் முதலாவதுதான். கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்குங்கள்.

இன்னொன்று. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் சில வாரத்தில் மீன் கருவாட்டுக்குத் தயார்.

கே: நீமோ மீனில் ஆண் எது, பெண் எது என்று பார்த்து ஜோடி வாங்குவது எப்படி? (திருச்சி)

ப: பார்க்கவே வேண்டாம். க்ளவுன் மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்குகின்றன. இரண்டு குட்டிகளைச் சேர்த்து விட்டால், பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். தரகர் கமிஷன் மிச்சம்! வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? தொட்டிக்கு வரும் கடல் மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. க்ளவுன் மீன் பண்ணையில் நன்றாகவே பெருகும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பிறகு எதற்குப் பாறையிலிருந்து பிடுங்க வேண்டும்?

கே: ராமேஸ்வரம் பக்கம் உயிர்ப் பவளமும் கடல் குதிரையும் யாரிடம் கிடைக்கும்? (ராமநாதபுரம்)

ப: அவை உங்களிடம் கிடைத்தால், வனத்துறையிடம் நீங்கள் கிடைப்பீர்கள். இரண்டுமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பார்க்க ஆசையா? நீச்சல் பழகுங்கள்.

கே: இந்த மீன் தொட்டி மோகமெல்லாம் நேற்று வந்ததுதானே? (மயிலாப்பூர்)

ப: நேற்றா! லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் திறந்தது 1853-ல். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மெரினாவிலேயே 1909-ல் ஒன்று திறந்தார்கள். சீனர்கள் தங்க மீனை வளர்த்து வருவது ஆயிரம் ஆண்டுக் கதை. மோகம் பழசு, நீங்கள்தான் லேட்.

கே: கொளத்தூர் போனால் எதைப் பார்த்து மீன் வாங்குவது? (அம்பத்தூர்)

ப: அது தின்பதைப் பார்த்து. கடைக்காரரை ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வராத மீனுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதே தொட்டியில் ஒன்றுக்கு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கே: டேங்க் கிளீனர் மீன் ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டால் புண்ணியம்தானே? (செங்கல்பட்டு)

ப: உங்களுக்குப் புண்ணியம், ஏரிக்குப் பாவம். தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. வளர்ந்தபின் அதை நம் விராலால்கூட விழுங்க முடியாது. கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். பாசியை வழித்துத் தின்று நம் மீனின் இரையைக் குறைக்கும். முள்ளால் வலையைக் கிழிக்கும். நம்மூர் ஏரிகள் பலவற்றில் ஏற்கெனவே அடித்தளம் போட்டுவிட்டது. வலையை இழுத்துப் பார்த்தால் கெண்டை இல்லை, இதுதான் கிடக்கிறது என்று மீன் பிடிப்பவர்கள் தலையில் கை வைக்கிறார்கள்.

வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். காசே வாங்காமல் கொடுத்தாலும் லாபம்தான். தொட்டி மீன் எதையும் ஏரியிலோ குளத்திலோ கோயில் தெப்பத்திலோ தயவுசெய்து விடாதீர்கள்.